தாமதமாய் வந்த சிவப்பு

ஓசூரில் எந்தத் தொழிற்கூடத்திற்குள் நுழைந்தாலும் குறைந்தது மூன்று மொழிகள் காதில் விழும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கே ஒன்றையொன்று விலக்காமல் புழங்குகின்றன. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் இவ்வூரில் ஏராளம். அண்மை ஆண்டுகளில் இவற்றோடு இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. ஓர் அறிவிப்பை எந்த எழுத்தில் எழுதி ஒட்டினாலும் அதை வாசிக்க இயலாத ஒருவர் அந்தக் கூரையின் கீழ் நிச்சயம் இருப்பார். எனவே தொழிற்கூடங்கள் எழுத்தை நம்புவதைக் காட்டிலும் நிறத்தையே அதிகம் நம்புகின்றன. இயந்திரத்தின் தலையில் பச்சை விளக்கு எரிந்தால் ஓடுகிறது. சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. மஞ்சள் எரிந்தால் அங்கே நிற்பவர் யாரையோ அழைக்கிறார். இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இந்த விளக்கு மொழி ஜப்பானிலிருந்து வந்தது. 'ஆண்டான்' என்றால் அங்கே காகித விளக்கு என்று பொருள். டொயோட்டா நிறுவனத்தார் அச்சொல்லைத் தொழிற்கூடத்திற்குள் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னதாக, 1924-இல், சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கி விசைத்தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதை மறைத்துக்கொண்டு ஓடுவதைவிட நின்று சொல்வது மேல் என்பதே அந்தத் தறியின் அறம். சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் ஓசூருக்குப் பெரிய ஆலைகள் வந்தன. 1980-இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் சாலைக்கு இறங்கியது. அதே ஆண்டில் அசோக் லேலண்டு ஆலையும், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. தர மேலாண்மைக்கான டெமிங் விருதை 2002-இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. பெரிய ஆலைகள் கற்ற பாடங்களை, அவற்றுக்குப் பாகங்கள் செய்து தரும் சிறு கூடங்களும் கற்கவேண்டியதாயிற்று. கடைசல், அழுத்துவார்ப்பு, முலாம் பூசுதல் என்று ஒற்றை வேலையை மட்டும் செய்கிற கூடங்களிலும் மூன்று நிற விளக்குகள் எரியத் தொடங்கின.

பிறகு அந்த விளக்குகள் கணினித் திரைக்குள் குடிபெயர்ந்தன. அறுபது இயந்திரங்களின் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பதற்குப் பதிலாக, சுவரில் மாட்டிய ஒரே திரையில் அறுபதையும் பார்த்துவிடலாம். விளக்கு கண்ணாடிக்குள் எரியும் ஒரு பொருள். திரையிலுள்ள பச்சையோ யாரோ ஒருவர் எழுதிய நிரல் வரைந்த செவ்வகம். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். அதன் விலையை ஒரு கூடத்தில் நாங்கள் நேரில் பார்க்க நேர்ந்தது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

*

சிறு தொழிற்கூடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் நாங்கள் மூவர். கூடத்தின் பெயரும், அங்கே முன்னர் அந்தத் திரையை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயரும் இங்கே வேண்டாம். "போர்டு ரொம்ப ஸ்லோவா இருக்கு, வந்து பாருங்க" என்பதுதான் எங்களுக்கு வந்த அழைப்பு.

திரையின் அமைப்பு அழகானது என்றே சொல்லவேண்டும். அறுபது சி.என்.சி. இயந்திரங்களுக்கு அறுபது வரிசைகள். ஷிப்டு காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்கு முடியும். ஆக 480 நிமிடங்கள். ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒரு மெல்லிய செவ்வகம். மூன்று பிக்சல் அகலம். பச்சையும் சிவப்பும் மஞ்சளும், இயந்திரம் அணைக்கப்பட்டிருந்தால் சாம்பலுமாக, ஷிப்டு நகர நகர இடமிருந்து வலமாக ஒரு வண்ணப் பாய் முடைந்துகொண்டே போவதைப் போலிருக்கும். நாள் எப்படிப் போயிற்று என்பதைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

இந்தப் பாயின் கீழே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாகத்தை மாற்றி வைக்க ஒதுக்கிய நேரம் கடந்தும் இயந்திரம் ஓடாமலிருந்தால் சிவப்பு. சிவப்பு நிமிடங்கள் அந்த இயந்திரத்தில் நிற்கும் ஆபரேட்டரின் பெயரில் ஏறும். வெட்டுளி உடைந்துவிட்டால், அல்லது மூலப்பொருள் தீர்ந்துவிட்டால், ஆபரேட்டர் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், மஞ்சள் வரும். மஞ்சள் நிமிடங்கள் பராமரிப்புப் பிரிவின் பெயரிலோ பண்டகசாலையின் பெயரிலோ ஏறும். மாத இறுதியில் ஊக்கத்தொகை இந்தக் கூட்டல் கழித்தலைப் பொறுத்தது. நிரந்தரப் பணியாளருக்கு அது கூடுதல் வருமானம். ஒப்பந்தப் பணியாளருக்கோ அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதே அதில் அடங்கியிருந்தது.

நாங்கள் போன அன்று மதியம் ஒரு மணி அளவில் சூப்பர்வைசர் ஓர் ஆபரேட்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்துபோகும் பெண்.

"டூல் ஒடஞ்ச உடனே அமுக்கிட்டேன் சார். போர்டுலதான் வரல."

"போர்டு பொய் சொல்லுமாம்மா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கவில்லை. மனிதர்கள் மறப்பார்கள், சாக்குச் சொல்வார்கள். திரைக்கு அப்படி ஒரு தேவை இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் பெண் பதில் சொல்லாமல் திரும்பிப் போனார்.

பிற்பாடு தேநீர் நேரத்தில் அவரிடமும் மற்றவர்களிடமும் பேசினோம். அவர்கள் சொன்ன ஒரு செய்தி, நாங்கள் கொண்டுபோயிருந்த அளவைக் கருவிகளையெல்லாம்விடப் பயனுள்ளதாக இருந்தது. "காலையில தொட்டாலே போதும் அண்ணா, மஞ்சள் வந்துரும். பன்னண்டு மணிக்கு மேல அமுக்கிப் பிடிச்சுக்கணும். பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்கணும்." இரண்டாம் ஷிப்டில் வருகிறவர்களைக் கேட்டோம். மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் தொட்டால் போதும் என்றார்கள். இரவு எட்டு மணிக்குமேல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதையும் தொழிலின் ஒரு பகுதியாகவே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் வெட்டுளி உடைந்து கிடக்கும்போது, கையை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டிய அவசரத்தில், பத்து எண்ணும் பொறுமை எல்லோருக்கும் எல்லா நேரமும் வாய்ப்பதில்லை.

ஷிப்டு முதிர முதிரப் பொத்தானின் செவி மந்தமாகிறது. ஷிப்டு மாறியதும் தெளிகிறது. பொத்தானில் குற்றமில்லை என்பது இதிலிருந்தே விளங்கிற்று.

*

ஒரு செவ்வகத்திற்கு வண்ணம் தீட்டுவது கணினிக்கு எவ்வளவு பெரிய வேலை? கேள்வி எளிது. ஆனால் எந்த வழியில் தீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை ஆயிரம் மடங்கு மாறும்.

முதலில் புள்ளிகளின் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிமிடத்திற்கு மூன்று பிக்சல் வீதம் 480 நிமிடங்களுக்கு 1,440 பிக்சல் அகலம். ஒரு வரிசைக்குப் பதினாறு பிக்சல் வீதம் அறுபது வரிசைகளுக்கு 960 பிக்சல் உயரம். பெருக்கினால் 13,82,400 பிக்சல்கள். ஏறத்தாழப் பதினான்கு லட்சம். இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் சாதாரண மேசைக் கணினியிலுள்ள வரைகலைச் சில்லு ஒரு விநாடியில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்களை நிரப்பவல்லது. அதற்கு இந்தப் பாய் கண் இமைப்பதைவிடச் சிறிய வேலை. "நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும்" என்று முன்பு திரையை அமைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நிர்வாகமும் விலைப்புள்ளி கேட்டு வைத்திருந்தது. பிக்சலை நிரப்புவதில் நேரம் போகவில்லை என்பதால் அந்தச் செலவு வீண்.

நேரம் போனது செவ்வகங்களைப் படைப்பதில். விண்டோஸில் படம் வரைய நெடுங்காலமாக இரண்டு போக்குகள் உண்டு. 1985-இல் முதல் விண்டோஸோடு வந்த ஜி.டி.ஐ. முறையில், "இந்த இடத்தில் இந்த நிறத்தை நிரப்பு" என்று கட்டளையிட்டால் நிரப்பிவிட்டு மறந்துவிடும். எங்கே என்ன வரைந்தோம் என்பதை நிரலாளர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2006-இல் வந்த விண்டோஸ் பிரசென்டேஷன் பவுண்டேஷன் இதற்கு நேர்மாறானது. அதில் செவ்வகம் என்பது நினைவகத்தில் குடியிருக்கும் ஒரு பொருள். தன் அகலம் என்ன, உயரம் என்ன, அண்டை அயல் யார், சுட்டெலி தன்மேல் வந்ததா, தன் நிறம் மாறியதா என்று அது எந்நேரமும் விழிப்போடு இருக்கும். பத்துப் பொத்தான்கள் கொண்ட படிவத்திற்கு இது பெரிய வசதி. நாம் ஒன்றும் செய்யாமலே எல்லாம் நடந்துவிடும்.

அந்தத் திரையின் நிரல் இந்த இரண்டாவது முறையில் எழுதப்பட்டிருந்தது. அது விநாடிக்கு ஒருமுறை செய்தது இதுதான்: திரையிலுள்ள எல்லாச் செவ்வகங்களையும் அழித்துவிட்டு, ஷிப்டின் தொடக்கத்திலிருந்து இந்த நிமிடம்வரை ஒவ்வொன்றையும் புதிதாகப் படைத்தது. காலை 6:01-க்கு அறுபது செவ்வகங்கள். பத்து மணிக்கு 14,400. இரண்டு மணிக்கு 28,800. இத்தனை விழிப்புள்ள பொருள்களை ஒரு விநாடிக்குள் பிறப்பித்து, இடம் பார்த்து அமர்த்தி, அடுத்த விநாடியே அழிப்பதென்றால் எந்தச் செயலியும் மூச்சுத் திணறும். ஒரு விநாடியில் முடியவேண்டிய வேலை பல விநாடிகளுக்கு நீண்டது.

படம் மெதுவாக வந்ததோடு போயிருந்தால் அது அழகியல் குறை மட்டுமே. ஆனால் இயந்திரங்களின் சமிக்ஞைகளைப் படிக்கும் வேலையும், படம் வரையும் வேலையும் நிரலின் ஒரே இழையில் கோக்கப்பட்டிருந்தன. வரைந்து முடித்தால்தான் படிக்கும்; படித்து முடித்தால்தான் வரையும். மதியம் பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் பொத்தானை அழுத்திக் கையை எடுத்தபோது, கணினி காலை ஏழு மணியின் பச்சையை மறுபடியும் தீட்டிக்கொண்டிருந்தது. அது தலை நிமிர்ந்து பார்த்தபோது பொத்தான் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அழுத்தியதற்குச் சாட்சியே இல்லை. அது மட்டுமன்று, நிகழ்ச்சியின் நேரமாக அந்நிரல் பதிந்தது கணினி படித்த நேரத்தை. நிகழ்ந்த நேரம் எங்கும் பதிவாகவில்லை. ஆகவே மஞ்சள் வந்த சமயங்களிலும் அது தாமதமாகவே வந்தது. அதற்கு முந்தைய இடைவெளி சிவப்பாக ஆபரேட்டரின் பெயரில் ஏறிற்று.

போர்டு பொய் சொல்லுமா என்ற கேள்விக்கு விடை இதுதான். பொய் சொல்லும் எண்ணம் அதற்கில்லை. நடந்து முடிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததால், நடப்பதைக் கேட்க அதற்கு நேரமில்லாமற் போயிற்று.

*

வரைகலையின் வரலாற்றைப் புரட்டினால் இந்தச் சிக்கல் அதன் தொட்டிலிலேயே இருந்ததைக் காணலாம். 1963-இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையில் ஒளிப்பேனாவால் வரையவைத்த முதல் நிரல்களுள் ஒன்று. அந்தத் திரைக்கு நினைவாற்றல் கிடையாது. வரைந்த கோடு உடனே மங்கத் தொடங்கும். கணினி ஓயாமல் அதன்மேல் வரைந்துகொண்டே இருக்கவேண்டும். படம் சிக்கலாக ஆக ஆக ஒரு சுற்று முடிய அதிக நேரமாகும், திரை மினுங்கும்.

1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்கு 128 கிலோபைட் நினைவகமே இருந்தது. 512-க்கு 342 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. அந்தச் சிறிய பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல்கள் விரிந்து மூடியதற்குக் காரணம், 2025-இல் மறைந்த பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா என்னும் வரைநிரல். ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு பரப்பைச் சுருக்கமாகக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தப் பரப்புக்குள் விழுவதை மட்டும் வரையும் வழியை அவர் கண்டார். மேலேயிருக்கும் சன்னல் மறைக்கின்ற பகுதியைத் தீட்டத் தேவையில்லை; மாறாத பகுதியைத் தொடத் தேவையில்லை. வன்பொருள் எத்தனையோ மடங்கு வளர்ந்துவிட்ட இன்றும், வேகமாக வரைவதற்கான முதல் விதி, வரைய வேண்டாதவற்றை வரையாதிருப்பதுதான்.

நம்மூரிலும் இந்த வழியில் சிந்தித்தவர்கள் இருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974-இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கோலங்களைப் பற்றி எழுதினார்கள். வாக்கியங்களை இலக்கண விதிகள் பிறப்பிப்பதைப் போல, ஒரு கோலக் குடும்பம் முழுவதையும் சில விதிகளால் பிறப்பித்துவிடலாம் என்று காட்டினார்கள். வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும் கோலத்தைச் சொல்லச் சில வரிகள் போதும். படம் பெரிதாக இருப்பதால் அதன் விவரிப்பும் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

எங்கள் வண்ணப் பாய்க்கும் இது பொருந்தும். ஓர் இயந்திரம் 480 நிமிடங்களில் 20 முறை நிலை மாறினால், அதைச் சொல்ல 480 செவ்வகங்கள் எதற்கு? பச்சை 35 நிமிடம், சிவப்பு 2 நிமிடம், மறுபடியும் பச்சை 50 நிமிடம் என்று நீளங்களாகச் சொன்னால் 20 செவ்வகங்களோடு முடிந்துவிடும். அறுபது இயந்திரங்களுக்கும் சேர்த்து 1,200. படம் அதேதான், கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது.

கோலத்திடம் கற்க இன்னொன்றும் உண்டு. ஆயுத பூசையன்று இந்தக் கூடங்களில் இயந்திரங்கள் ஓய்வெடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நடைபாதை நெடுக வண்ணக் கோலம் போடுவார்கள். தமிழில் கோலம், தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் ரங்கோலி; இடும் கைகள் ஒன்றுதான். நிறம் நிரப்பும்போது அவர்கள் செய்வதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். சிவப்புப் பொடியைக் கையில் எடுத்தால், கோலத்தில் சிவப்பு வரவேண்டிய எல்லா இதழ்களையும் நிரப்பிய பிறகே மஞ்சள் கிண்ணத்திற்குப் போவார்கள். ஒவ்வோர் இதழுக்கும் கையைத் துடைத்துக்கொண்டு கிண்ணம் மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். சிவகாசி அச்சுக்கூடத்திலும் இதே ஒழுங்குதான்: ஒரு நிறத்திற்கு ஒரு தகடு; அந்நிறம் தாள் முழுவதும் ஒரே முறையில் விழும்.

அந்த நிரலோ ஒவ்வொரு செவ்வகத்திற்கும் ஒரு புதிய தூரிகையைப் படைத்தது. தேவைப்பட்டவை நான்கே நிறங்கள். படைக்கப்பட்டவை 28,800 தூரிகைகள். போதாக்குறைக்கு, ஒவ்வொரு தூரிகையும் "என் நிறம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்" என்ற நிலையில் இருந்தது. அதனால் அவை அனைத்தையும் கணினி கண்காணித்தபடி இருக்கவேண்டியிருந்தது. இந்த முறையில் ஒரு தூரிகையை உறையவைக்க முடியும். இனி இதன் நிறம் மாறாது என்று வாக்குக் கொடுத்துவிட்டால் கணினி கண்காணிப்பை விட்டுவிடும். ஒரே தூரிகையை எத்தனை வடிவங்கள் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம்.

*

சீர்திருத்தம் ஒரு வாரத்தில் முடிந்தது. அதில் வித்தை ஏதுமில்லை. சமிக்ஞைகளைப் படிக்கும் வேலையைத் தனி இழைக்கு மாற்றி, படித்த கணத்தையே நிகழ்ச்சியின் நேரமாகப் பதியவைத்தோம். பொத்தானின் அழுத்தத்தை, யாராவது படிக்கும்வரை கட்டுப்பாட்டுப் பெட்டியே பிடித்து வைத்திருக்கும்படி செய்தோம். இனி யாரும் பத்து எண்ண வேண்டியதில்லை. நான்கு தூரிகைகளை உறையவைத்தோம். ஒரே நிறமுடைய அடுத்தடுத்த நிமிடங்களை ஒரே செவ்வகமாக இணைத்தோம். நடந்து முடிந்த பகுதியை ஒரு படமாக எழுதி வைத்துவிட்டு, வளரும் விளிம்பை மட்டும் புதுப்பித்தோம். மதியம் ஒன்றே முக்காலுக்கும் காலை ஆறேகாலுக்கும் இப்போது வேறுபாடில்லை. விலைப்புள்ளி கேட்ட வரைகலை அட்டை வாங்கப்படவில்லை.

ஒரே ஓர் இடத்தில் நிர்வாகத்தோடு கருத்து வேறுபட்டோம். செவ்வகங்கள் மொட்டையாக இருக்கின்றன. வட்டமான விளக்குகளாக, உள்ளே ஒளி மங்கிப் பரவுவதுபோல, கீழே நிழலோடு இருந்தால் பார்வையாளர்களுக்குக் காட்ட நன்றாயிருக்கும் என்று மேலாளர் விரும்பினார். பிக்சல்களின் விளிம்போடு ஒட்டி நிற்கும் செவ்வகத்தைத் தீட்டுவது எளிது. உள்ளே, வெளியே என்ற இரண்டே நிலைகள். வட்டத்தின் விளிம்போ பிக்சலை ஊடறுத்துப் போகும். அந்தப் பிக்சலில் எவ்வளவு பங்கு வட்டத்திற்குள் இருக்கிறது என்று கணக்கிட்டு நிறத்தைக் கலந்தால்தான் விளிம்பு மழுமழுப்பாகத் தெரியும். நிழல் அதையும்விடச் செலவானது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைத் திரட்டி மங்கலாக்க வேண்டும். செய்ய முடியாததில்லை. ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நிழல் எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை. செவ்வகங்களே நிலைத்தன.

பழைய கணக்கு என்னாவது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. நிகழ்ந்த நேரம் எங்கும் பதிவாகாததால் அதைத் திருத்திக் கணக்கிட வழியில்லை. ஷிப்டின் பிற்பகுதியில் பதிவான சிவப்பு நிமிடங்களை எவர் பெயரிலும் ஏற்றுவது நியாயமாகாது என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தோம். அந்தக் காலாண்டிற்கு மட்டும் அவற்றை நீக்க நிர்வாகம் இசைந்தது. அதற்கு முந்தையவை போனவை போனவைதாம்.

*

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் புதிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே தேன்கனிக்கோட்டைப் பெண் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி குடிக்கப் போனாலும் இனி செவப்பு வந்துருமா அண்ணா?"

வரும். முன்பு திரை பல விநாடிகளுக்கு ஒருமுறைதான் கண் திறந்தது; குறுகிய நிறுத்தங்கள் அதன் கண்ணில் படாமலே போயின. பொத்தானை விழுங்கிய அதே மந்தம், நிமிர்ந்து நின்று இடுப்பைத் தேய்த்துக்கொள்ளும் அரை நிமிடத்தையும் விழுங்கி மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் துல்லியம். ஒரு நிமிடத்திற்கு மூன்று பிக்சல் என்றால் ஒரு பிக்சல் என்பது இருபது விநாடி. இருபது விநாடி நின்றால் திரையில் ஒரு சிவப்பு இழை விழும். முதல் வாரத்திலேயே சூப்பர்வைசர் அந்த இழைகளை எண்ணத் தொடங்கியிருந்தார். அவர் கெட்டவர் அல்லர். கண்ணில் படுவதை எண்ணாமலிருக்க மனிதரால் ஆவதில்லை.

வேகமாக வரைவது நல்லது என்பதில் ஐயமில்லாமல்தான் அந்தக் கூடத்திற்குள் நுழைந்தோம். ஒரு பெண்ணை அநியாயப் பழியிலிருந்து காத்த வேகம், அவளுடைய ஒரு மிடறு தண்ணீரையும் கணக்கில் கொண்டுவந்து நிறுத்திற்று. இரண்டும் ஒரே நிரலின் விளைவுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கும் வழி வரைகலை நூல்களில் இல்லை.

மேலாளர், சூப்பர்வைசர், ஆபரேட்டர்கள் இருவர், நாங்கள் மூவர் என உட்கார்ந்து பேசினோம். ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. நீண்ட வாதத்திற்குப் பிறகு ஒரு விதிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு நிமிடத்திற்குக் குறைவான நிறுத்தங்கள் திரையில் பச்சையாகவே இருக்கும். இயந்திரத்தின் பழுதை ஆராய்வதற்காக அவை பதிவில் இருக்கும். ஆனால் எவர் பெயரோடும் சேரா. இயந்திரத்தின் தலையிலுள்ள விளக்கு எப்போதும்போல் உடனே சிவக்கும். மஞ்சள் எங்கேயும் எப்போதும் தாமதிக்கக் கூடாது.

அன்றைய மாலை நாங்கள் எழுதிய நிரல்வரிகள் பத்துக்கு மேலிருக்காது. சிவப்பைத் தாமதப்படுத்தும் வரிகள். ஒரு வாரம் பாடுபட்டு எந்தத் தாமதத்தை ஒழித்தோமோ அதையே கையால் எழுதிச் சேர்த்தோம் என்று எங்களுள் ஒருவர் சிரித்தார். பழைய தாமதம் எவருக்கும் தெரியாமல் நேர்ந்தது. அதன் அளவு நேரத்துக்கு நேரம் மாறியது. அதன் சுமை ஒரு பக்கத்தவர்மேல் மட்டுமே விழுந்தது. புதிய தாமதத்திற்கு அளவு உண்டு. அது இரண்டு நிமிடம் என்பது மேலாளருக்கும் தெரியும், நேற்றுச் சேர்ந்த ஒப்பந்தப் பணியாளருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக அந்த விதியைத் திரைக்குக் கீழே எழுதி ஒட்டச் சொன்னோம். நிறத்தால் சொல்லிவிட முடியாத செய்தி அது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஒடியா எழுதத் தெரிந்தவர் விடுப்பில் போயிருந்தார். அவர் திரும்பியதும் எழுதுவதற்காகக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.